ஊரணியும் ஊராட்சியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

செட்டிநாட்டில் குடியிருப்பவர்களும், அங்கே பூர்விக வீடு வைத்துக்கொண்டு வெளியூர்களில் வாழ்பவர்களும் உள்ளாட்சி அமைப்புகளின் முடிவுகள் குறித்து எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் விருப்பப்படி அவர்களுடைய பெயர்களையும் ஊர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஐயா காலத்தில் பங்காளிகள் சேர்ந்து வெட்டிய ஊரணி இன்று தூர்ந்துபோய்க் கருவேல முள்ளாகக் கிடக்கிறது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் குடும்பத்தார் பணம் போட்டுத் தூர்வார முன்வந்தோம். பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டபோது, ‘நல்ல காரியம், தாராளமாகச் செய்யுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். பொக்லைன் இறங்கி வேலை தொடங்கியதும், கரையில் கடை வைத்திருப்பவர்கள் தடுத்தார்கள். மண்ணை விற்கிறோம் என்றும் புகார் போனது. இப்போது அதே அலுவலகத்தில், ‘யாருடைய அனுமதியில் வெட்டுகிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் முன்னோர் தங்கள் கைப்பணத்தில் வெட்டிய ஊரணியை நீங்கள் உங்கள் கைப்பணத்தில் தூர்வாருவதற்குத் தடை வருவது எவ்வளவு வருத்தம் தரும் என்பது புரிகிறது. ஆனால் ஊரணியை வெட்டியது யார் என்பதும், அது இன்று வருவாய்க் கணக்கில் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் வெட்டிய ஊரணிகளில் பல, பிற்கால நில அளவையில் ஊரணிப் புறம்போக்கு என்று பதிவாகி, பராமரிப்பு உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. சில ஊரணிகள் கோயில் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ பட்டாவாக இருக்கும். ஆகவே முதல் வேலையாக ஊரணியின் புல எண்ணைக் கண்டறிந்து, அ-பதிவேட்டின் (நிலத்தின் வகையையும் உரிமையையும் காட்டும் வருவாய்ப் பதிவேட்டின்) பகர்ப்பையும் புலப்படத்தையும் எடுங்கள். வருவாய்த் துறையின் மின் சேவை வழியாகவும், கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகங்கள் வழியாகவும் இவற்றைப் பெறலாம். கோயில் நிலமாக இருந்து அந்தக் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருமானால் விண்ணப்பம் அங்கே போக வேண்டும். பேரூராட்சி சொல்லும் ஒப்புதலுக்கு அங்கே மதிப்பில்லை.

புறம்போக்கு என்றே வைத்துக்கொள்வோம். தலைவர் சொன்ன சொல்லோ, செயல் அலுவலர் சொன்ன சொல்லோ பேரூராட்சியின் முடிவாகாது. மன்றக் கூட்டத்தில் பொருளாக வைக்கப்பட்டு, தீர்மான எண்ணும் நாளும் இடப்பட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதுதான் முடிவு. உங்களிடம் வாய்மொழியாகச் சொன்னவர் நல்ல மனத்துடனேயே சொல்லியிருக்கலாம். புகார் வந்தவுடன் அவரைக் காப்பாற்றவும் உங்களைக் காப்பாற்றவும் காகிதம் எதுவும் இல்லாமல் போனதுதான் இப்போதைய சிக்கல். கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, கடல்கடந்து போன இடத்தில் வரவு செலவைப் பேரேட்டில் எழுதி, ஆண்டு முடிவில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போட்டு ஊருக்கு அனுப்பிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் நீங்கள். அதே ஒழுங்கை ஊர்ப் பொதுக் காரியத்திலும் கடைப்பிடிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். எழுத்து வடிவில் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அது அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் இடம்பெற்றதா என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். தீர்மானம் நிறைவேறியதும் சான்றளித்த நகல் வாங்குங்கள். அது கையில் வரும்வரை இயந்திரத்தை இறக்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முழுச் செலவையும் நீங்களே ஏற்று, உள்ளாட்சியின் அனுமதியோடும் மேற்பார்வையோடும் செய்வது ஒன்று. நமக்கு நாமே திட்டத்தின்கீழ் மக்கள் பங்களிப்பைச் செலுத்தி, மீதியை அரசு நிதியிலிருந்து பெறுவது மற்றொன்று. இத்திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; நீர்நிலைப் பணிக்கு இப்போது என்ன விகிதம் என்பதைச் செயல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு வழியில் போனால் பொறியாளரின் மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, அளவுப் புத்தகம் என்று காலம் பிடிக்கும். உங்களில் பலர் இந்தத் தாமதத்துக்கு அஞ்சித்தான் நேராக இயந்திரத்தை அனுப்புகிறார்கள். இருந்தாலும் என் பரிந்துரை அரசு வழிதான். எத்தனை கன மீட்டர் மண் வெட்டப்பட்டது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதற்கு அங்கே பொதுக் கணக்கு இருக்கும்; பின்னால் எவர் கேட்டாலும் காட்டலாம். எந்த வழியானாலும் தனி மனிதர் எவர் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டாம். உள்ளாட்சியின் வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது பெறுங்கள்.

கடைக்காரர்கள் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். அவர்கள் உண்மையிலேயே ஊரணிக் கரையை ஆக்கிரமித்திருக்கிறார்களா என்பது, நில அளவர் வந்து புலப்படத்தின்படி அளந்து எல்லைக்கல் நட்ட பிறகுதான் தெரியும். ஆக்கிரமிப்பு என்று உறுதியானால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் தரப்பைக் கேட்ட பிறகே அகற்ற முடியும். முன்பு பொதுப்பணித் துறையின் பொறுப்பிலும் இப்போது நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ள கண்மாய்களுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் தனியாக இருக்கிறது. ஊர் நடுவே உள்ள ஊரணிக்குப் பெரும்பாலும் 1905-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். அறிவிப்பு செய்ய வேண்டிய வேலையைப் பொக்லைன் செய்யக்கூடாது. தேநீர்க் கடையும் பூக்கடையும் வைத்துப் பிழைப்பவருக்கு மாற்று இடம் தருவது பற்றியும் அதே மன்றக் கூட்டத்தில் பேச வைத்தால், ஊருக்குள் பகை வளராமல் வேலை நடக்கும்.

மண் விற்பனைப் புகாருக்கும் இதே முறைதான். வெட்டிய மண்ணில் எவ்வளவு கரைக்குப் போகும், எவ்வளவு வெளியே போகும், எந்த இடத்துக்குப் போகும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுத வையுங்கள். வண்டல் மண்ணை உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் எடுத்துச் செல்ல வட்டாட்சியர் வழியாக அனுமதி பெறும் முறை இருக்கிறது. அந்த அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் மண் வெளியே போனாலும், நாணயமாக நடக்கும் பணி முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

இவ்வளவும் காகித வேலை. ஊரணியின் உயிர் இருப்பது மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில். செட்டிநாட்டு மண் பெரும்பாலும் செம்பூரான் கல் படிந்த மேட்டு நிலம்; ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழை அந்தப் பொட்டல்களில் ஓடி, வரத்துக்கால்களில் சேர்ந்து, ஊரணியை நிறைத்து, மிஞ்சியது அடுத்த கண்மாய்க்குப் போகும்படிதான் நம் முன்னோர் ஊரை அமைத்தார்கள். ஊரணியைத் தூர்வாரிவிட்டு வரத்துக்காலை விட்டுவிட்டால், ஆழமான வெறும் பள்ளம் மட்டுமே மிஞ்சும். மழை பெய்யும் நாளில் ஒருவர் குடையோடு போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் சாலையோ சுற்றுச்சுவரோ மறித்துத் திசை திரும்புகிறது என்று நடந்து பார்த்துப் படம் வரையட்டும். சாலைக்கடியில் இருந்த பழைய மதகுக் குழாய் அடைபட்டிருப்பது பல ஊர்களில் காரணமாக இருக்கிறது. அதைத் திறக்கும் பணியையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்று இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஊரணியின் அடியில் காலங்காலமாகப் படிந்த களிமண் தட்டுத்தான் தண்ணீரைத் தாங்குகிறது. ‘இன்னும் ஆழமாக வெட்டுவோம்’ என்று அதை உடைத்துவிட்டால் நிறைந்த தண்ணீர் சில வாரங்களில் இறங்கிவிடும். நடுவில் கிணறு இருந்தால் அதன் கல்வளையத்தை இயந்திரம் தொடக்கூடாது. அந்தப் பகுதியை ஆட்களை வைத்தே சுத்தம் செய்ய வேண்டும். கற்படித்துறையின் கற்களைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்டு பூசுவது, நடைபாதை போடுவதற்காகக் கரையை உள்ளே தள்ளி நீர்ப்பரப்பைக் குறைப்பது ஆகியவை இன்று அழகுபடுத்துதல் என்ற பெயரில் நடக்கின்றன. இவற்றுக்கு உங்கள் குடும்பப் பணம் செலவாக வேண்டாம் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் நான்கு கட்டு வீடு ஒன்றை இடித்து, தேக்குத் தூண்களையும் கதவுகளையும் விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்த செங்கல், காரை, உடைந்த ஓடு முழுவதையும் இரவோடிரவாக ஊரணி வரத்துக்காலில் கொட்டிவிட்டார்கள். யாரிடம் சொல்வது?

பதில்: கட்டட இடிபாடுகளைச் சாலையிலோ வடிகாலிலோ நீர்நிலையிலோ கொட்டக்கூடாது என்பதும், அவற்றை முறையாக அகற்றுவது கட்டடத்தை இடிப்பவரின் பொறுப்பு என்பதும் கட்டட இடிபாட்டுக் கழிவுகள் குறித்து 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் வகுத்த நாள் முதல் சட்டம். ஒரு நாளில் 20 டன்னுக்கோ, ஒரு மாதத்தில் ஒரு பணிக்கு 300 டன்னுக்கோ மேல் இடிபாடு வருமானால் முன்கூட்டியே உள்ளாட்சியிடம் திட்டம் கொடுத்து அனுமதி பெற வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. செட்டிநாட்டில் முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று அடுத்தடுத்த பகுதிகள் கொண்ட ஒரு வீட்டை இடித்தால் இந்த அளவை எளிதாகத் தாண்டும். நாளும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து, செயல் அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். கொட்டியவரே அள்ள வேண்டும், அல்லது உள்ளாட்சி அள்ளிச் செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘நடவடிக்கை எடுக்கவும்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

இத்தோடு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செட்டிநாட்டின் ஊர்த் தொகுப்புகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியாவின் சார்பில் சேர்க்கப்பட்டன. தனித்தனி வீடுகளுக்காக மட்டும் அந்த இடம் கிடைக்கவில்லை. நேர்கோட்டுத் தெருக்கள், ஊரணிகள், கோயில்கள் என்று ஊரே திட்டமிட்டு அமைந்திருப்பதும் சேர்ந்துதான். உத்தேசப் பட்டியலில் இருப்பது ஒரு வீட்டுக்கும் சட்டப் பாதுகாப்புத் தராது. அத்தகைய பாதுகாப்புக்காகத் தமிழ்நாடு மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. தங்கள் ஊரின் எந்தத் தெருக்கள் காக்கப்பட வேண்டியவை என்பதைப் பேரூராட்சி மன்றங்களே தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பத் தொடங்கினால் நல்லது. இது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

கேள்வி: எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகரத்தோடு இணைப்பதாகப் பேச்சு அடிபடுகிறது. இணைந்தால் நல்ல சாலையும் குடிநீரும் வரும் என்று சிலரும், வரி கூடும், ஊரக வேலைத்திட்டம் போய்விடும் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1928 முதல் நகராட்சியாக இருந்த காரைக்குடி, 2024-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியுள்ள சில ஊராட்சிகளும் அதனுடன் சேர்க்கப்பட்டன. எனவே இந்தப் பேச்சு உங்கள் ஊரிலும் எழுந்திருப்பது இயல்புதான்.

இணைந்தால் முதலில் மாறுவது சட்டம். ஊராட்சிகள் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றும் 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின்கீழ் வருகின்றன. அச்சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஊரக வேலை உறுதித் திட்டம் ஊரகப் பகுதிக்கே உரியது; ஊர் நகர்ப்புறமானால் அந்தச் சட்ட உரிமை நீங்கும். அதை நம்பியிருக்கும் பெண்கள் எத்தனை பேர் உங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பதை, சாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நகர்ப்புறத்தில் காலிமனைக்கும் வரி உண்டு. பெரிய தோட்டமும் வெற்றுமனையும் வைத்திருப்போர் மிகுந்த நம் பகுதியில் இது பலரைத் தொடும். நேரடியாக மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சித் தலைவர் பதவியும் இல்லாமல் போகும்.

எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது கிராம சபைதான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வரவு செலவை அவர்கள் முன் படிக்க வேண்டும். நகரப் பகுதிகளில் அதற்கு இணையாக வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அமைக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று கூட்டங்கள் தொடங்கின. ஆனால் கிராம சபையைப் போல ஊர் முழுவதையும் ஒரே மரத்தடியில் உட்கார வைக்கும் அமைப்பு அதுவன்று.

மறுபக்கத்தில், நகர நிர்வாகத்துக்குக் கிடைக்கும் குடிநீர், பாதாளச் சாக்கடை, தெருவிளக்குத் திட்டங்களின் அளவு ஊராட்சிக்குக் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். வீட்டுமனைகள் பெருகி, நகரத்தோடு ஒட்டிப்போன ஊராட்சிகளில் குப்பையையும் கழிவுநீரையும் ஊராட்சியின் சிறிய வருவாயைக் கொண்டு சமாளிக்க முடியாத நிலை இருக்கிறது. இணைப்பு அறிவிப்பு வெளியாகும்போது ஆட்சேபணைகளுக்குக் காலக்கெடு தரப்படும். அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லுங்கள். ஆதரவாக இருந்தாலும் சொல்லுங்கள். ‘எத்தனை ஆண்டுக்குள் எங்கள் தெருக்களுக்குக் குடிநீர் இணைப்பு வரும், அதுவரை வரி எப்படி இருக்கும்?’ என்று கேட்டு அதற்கு எழுத்தில் பதில் பெறுவது, சாலை மறியலைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் பூர்விக வீடு பூட்டிக் கிடக்கிறது. பதினொரு புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பங்கு உண்டு. சொத்துவரி நிலுவை என்று பேரூராட்சியிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. தொகை பழையதைப்போல் இரண்டு மடங்காக இருக்கிறது. தம்பி மகன் ‘நீங்கள் கட்டினால் வீடு உங்கள் பெயருக்குப் போய்விடும்’ என்று தடுக்கிறான். கட்டலாமா?

பதில்: அம்மா, தாராளமாகக் கட்டலாம். வரி ரசீதில் பெயர் இருப்பதால் வீடு ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது; வரிப் பதிவேடு உரிமைப் பத்திரம் அன்று. பங்குதாரர் எவர் கட்டினாலும் எல்லாருடைய பங்கும் அப்படியே இருக்கும். உங்கள் தம்பி மகனின் அச்சம் நீங்க, எல்லாப் பங்காளிகளுக்கும் ரசீதின் நகலை அனுப்பிவிடுங்கள். பங்குக்கு ஏற்பப் பணத்தைப் பிரித்துக்கொள்வது உங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது.

தொகை இரட்டித்ததற்குக் காரணம் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சொத்துவரிச் சீராய்வாக இருக்கலாம். அதன்படி சென்னை நீங்கலான பெரும்பாலான நகர்ப்புற உள்ளாட்சிகளில், குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டன. நம் பகுதியின் பழைய கட்டு வீடுகளில் பெரும்பாலானவை 1,800 சதுர அடிக்குள் அடங்குவதில்லை. ஆகவே குடியிருக்க ஆளே இல்லாத வீடுகளும் உச்ச உயர்வுக்குள் வந்துவிட்டன. இது நியாயமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். வரி விதிப்புக்கான கட்டடப் பரப்பில், வானம் பார்த்த வளவு முற்றத்தையும் பின்கட்டின் திறந்த வெளியையும் சேர்த்திருக்கிறார்களா என்று பரப்பளவு விவரத்தைக் கேட்டுப் பெறுங்கள். சேர்த்திருந்தால் மறு அளவீடு கோரி எழுதுங்கள். இனிவரும் அரையாண்டுகளில் ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டுவோருக்கு 5 விழுக்காடு, ரூ. 5,000-க்கு மிகாமல், ஊக்கத்தொகை கிடைக்கும். இணையவழியிலேயே கட்டலாம் என்பதால் ஊருக்கு வர வேண்டிய தேவையும் இல்லை.

ஆனாலும் வந்து பாருங்கள். வளவில் மழைநீரைப் பிடித்து வைத்த அண்டாவும் தொட்டியும் மூடியில்லாமல் கிடந்தால் டெங்கு பரப்பும் கொசு அதில்தான் பெருகும். பூட்டிய வீட்டுக்குள் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் நுழைய முடியாமல் தெரு முழுவதும் காய்ச்சலில் படுப்பது நடக்கிறது. 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டப்படி உங்களுக்கு அறிவிப்பு வரலாம். அது வரும்வரை காத்திருக்காமல், பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, அவருடைய தொலைபேசி எண்ணைப் பேரூராட்சியில் பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: கிராம சபைக்குப் போனோம். போன உடனே ஒரு புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ‘தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின’ என்று கடைசியில் வாசித்தார்கள். நாங்கள் எதிர்த்த தீர்மானமும் அதில் சேர்ந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வருகைக்குப் போட்ட கையெழுத்து, தீர்மானத்துக்கு ஒப்புதலாக மாறுவதைத்தான் முதலில் தடுக்க வேண்டும். அடுத்த முறை கையெழுத்திடும்போது பக்கத்தின் மேலே ‘வருகைப் பதிவு’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் உங்கள் கையெழுத்துக்கு அருகில் நீங்களே எழுதுங்கள். எதிர்ப்பு இருந்தால் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், நான்கு வரி எழுதி, உடன்படுகிறவர்கள் அனைவரும் கையொப்பமிட்டு, கூட்டத்துக்கு வந்திருக்கும் பற்றாளரிடம் (கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலரிடம்) கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள்.

நடந்து முடிந்த கூட்டத்துக்கும் வழி உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள், வருகைப் பதிவு, படித்ததாகக் குறிப்பிடப்பட்ட வரவு செலவு அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, நிறைந்ததா என்பதை வருகைப் பதிவே காட்டிவிடும்: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். வரம்பு நிறையாமல் தீர்மானம் எழுதியிருந்தால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம்.

இதில் பெண்கள் கூடுதலாக வர வேண்டும் என்று விரும்புகிறேன். ஊரணித் தண்ணீர், குழாயடி, தெருவிளக்கு, ரேஷன் கடைப் பாதை என்று சபையில் பேச வேண்டியவற்றில் பாதிக்கு மேல் அன்றாடம் அவர்கள் படும் பாடுதான். சபை வழக்கமாக ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோது, சிவகங்கை, புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படித் தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை நடந்தாக வேண்டும், கணக்கும் படிக்கப்பட வேண்டும்.

கேள்வி: செவ்வாய்த் திருவிழாவுக்குப் பந்தல் போட்டு, எட்டு நாளும் விடிய விடிய ஒலிபெருக்கி வைக்கிறார்கள். பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளை வீட்டில் இருக்கிறது. சொன்னால் சாமி காரியத்துக்கு எதிரி என்கிறார்கள்.

பதில்: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, விழாக் காலங்களில் அரசு தனியே தளர்வு அளித்தாலும் நள்ளிரவு 12 மணியைத் தாண்ட முடியாது, அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல்தான். கூம்பு வடிவ ஒலிபெருக்கிகளுக்குத் தமிழ்நாட்டில் எந்நேரத்திலும் அனுமதி இல்லை. அனுமதி தருவது காவல்துறை. பேரூராட்சியில் புகார் கொடுத்து நாளை வீணாக்க வேண்டாம்.

ஆனால் காப்புக்கட்டிய பிறகு காவல்நிலையம் போவதைவிட, விழாவுக்கு வரி போடுவதற்காக ஊர்க் கூட்டம் கூடும் அன்றே பேசுவது நல்லது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் தெருவில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்று சொல்லி, இரவு 10 மணிக்கு நிறுத்துவது என்பதை விழாக் கணக்கு எழுதும் நோட்டிலேயே முடிவாக எழுதச் சொல்லுங்கள். காவல்துறைக்குக் கொடுக்கும் அனுமதி மனுவிலும் அதே நேரத்தைக் குறிப்பிடும்படி காரியக்காரர்களைக் கேட்டுக்கொண்டு, அந்த மனுவின் நகல் ஒன்றை நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.